தலைக்கு மேலே ஒரு கைப்பிடி

அன்றைக்கு ஓடுதளத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

மாஸ்டர். பறக்கச் சொல்லிக்கொடுக்கிறவர். இந்த பீஜித் தீவில், நாந்தியில் பிறந்த நம்ம ஆள். பேரை எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

மேஜர். ராணுவ அதிகாரிப் பள்ளியிலிருந்து வந்தவர். சட்டைப் பையில் பேனா, முகத்தில் அவசரம்.

இலியேசா. அந்தப் பள்ளி மாணவன். காய்வீத்தி, அதாவது இந்த மண்ணின் பூர்வீக ஜனம்.

ராத்து. பரீட்சை எடுக்கத் தலைநகர் சூவாவிலிருந்து வந்தவர். ராத்து என்பது பேர் இல்லை. தலைவர் குடும்பத்து ஆம்பளைகளை இங்கே அப்படித்தான் கூப்பிடணும்.

நான். விமானத்தைத் தள்ளுவேன், துடைப்பேன், பெட்ரோல் ஊற்றுவேன். சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன், எடுப்பேன்.

ஒரு நாய். அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து, விமானம் நிறுத்தும் நம் ஹாங்கருக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு எழுதுகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, இந்திதான். நான் ரராவாய்க்காரன், கரும்புத் தோட்டத்து வீடு. படித்தது அஞ்சாவது. தமிழ் எழுத்து கோயிலில் வந்தது. தப்பு இருந்தால் தாண்டிப் போங்க. அன்றைக்குப் பேச்சு இந்தி, இங்கிலீஷ், பீஜி பாஷை மூன்றும் கலந்து நடந்தது. நான் எல்லாவற்றையும் தமிழில் போடுகிறேன்.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்திருந்த காலம் அது. நம்ம ஜனம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் போனார், பள்ளிக்கூட வாத்தியார்கள் போனார்கள். எங்கள் தளத்தில் மூன்று பேர் பறக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் ஆஸ்திரேலியா போனார், ஒருவர் நியூசிலாந்து. மிச்சம் மாஸ்டர். அவருக்கும் கனடாவுக்குச் சீட்டு வந்துவிட்டது. வர்ற சனிக்கிழமை.

"நீயும் வந்துடேன்" என்றார் ஒரு நாள்.

"கனடாவுல மார்க் போட்டுத்தான ஆள் எடுக்கறாங்க. எனக்கு மார்க் வராது, மாஸ்டர்."



இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரிப் பள்ளியில் ஒரு புதுத் திட்டம். பறக்க ஆசைப்படும் மாணவர்களை எங்களிடம் அனுப்புவார்கள். இங்கே லைசென்ஸ் வாங்கினவனை வெளிநாடு அனுப்பிப் பெரிய விமானம் படிக்கவைப்பார்கள். முதல் வருஷம் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவன் மேலே போனதும் வாந்தி எடுத்தான், கீழே வந்த பிறகும் எடுத்தான். ஒருவனைப் பள்ளியே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. ரெண்டு பேர் கணக்கில் தோற்றார்கள். மிஞ்சினவன் இலியேசா.

மேஜர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இவனும் தோத்தா திட்டத்தை மூடிடுவோம். பணம் படகுக்குப் போகும். ஆகாயம் நமக்கு வரலே, கடல் வரும்."

இலியேசா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். பெரிய தோள், சின்னக் குரல். கடலோரத்துக் கிராமம். அப்பா மீன் பிடிக்கிறவர். அந்தக் குடும்பத்தில் யாரும் விமானத்தில் ஏறினதுகூட இல்லை. மாஸ்டரோடு பறந்தான் என்றால் நான் கையிலிருக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டுப் பார்ப்பேன். அப்படி இறக்குவான்.

பரீட்சை எடுக்கும் வெள்ளைக்காரர் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஊரைவிட்டுப் போயிருந்தார். அவர் இடத்துக்கு யார் வருவார் என்று கார் வந்து நிற்கிறவரை எங்களுக்குத் தெரியாது. கதவு திறந்தது. ராத்து இறங்கினார். ஆறடிக்கு மேல் உடம்பு, அதற்குத் தகுந்த தலை, தலைக்குத் தகுந்த முடி. அழகாகச் சீவி உருண்டையாக நிறுத்தியிருந்தார். இலியேசாவைப் பார்த்தேன். அவன் ஒரு சாண் குட்டையாகிவிட்டான். முதுகு வளைந்துவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது. ராத்து அவனுடைய சொந்த மண்ணின் தலைவர் குடும்பத்து ஆள்.

காலையிலேயே ராத்துவும் இலியேசாவும் கிளம்பினார்கள். சிகடோகா ஆறு கடலில் விழும் இடம் வரை போய்த் திரும்பணும், வழியில் கேட்டதைச் செய்து காட்டணும். திரும்பி வந்தபோது நான் பார்த்தேன், மாஸ்டர் பார்த்தார், நாயும் எழுந்து நின்றது. விமானம் வேகமாக வந்தது. மூக்கு ஏறுது, இறங்குது. தரையைத் தொட்டது, குதித்தது, மறுபடி குதித்தது, கரும்புக் கொல்லைக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது.

ராத்து இறங்கி வந்தார். கோபம் இல்லை.

"பையனுக்கு வழி தெரியுது. காத்து தெரியுது. கைதான் கனமா இருக்கு. வேகம் ஒரு இடத்துல நிக்கலே. நான் கையெழுத்துப் போட முடியாது."

"ராத்து, என்கூட இவன் பட்டு மாதிரி இறக்குவான்" என்றார் மாஸ்டர்.

"உங்ககூட இறக்கினதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

தோற்றவனுக்கு அன்றைக்கே இன்னொரு தடவை உண்டு. அதற்கு முன் வாத்தியார் அவனோடு ஒரு சுற்றுப் பறந்து, இவன் தயார் என்று பொறுப்பு எடுக்கணும். ராத்து சாயங்காலம் சூவா திரும்பணும். அடுத்து அவர் வரும்போது மாஸ்டர் கனடாவில் இருப்பார். பொறுப்பெடுக்க ஆள் இருக்காது. அதனால் அன்றைக்கு விட்டால் இலியேசாவும் போனான், அவனுக்குப் பின்னால் வரவேண்டியவர்களும் போனார்கள்.

மாஸ்டர் அவனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினான். மாஸ்டர் இறங்கி வந்து தொப்பியைத் தரையில் எறிந்தார்.

"என்கூடப் பார்வை இருக்கு, அவர்கூடக் குருடு. என்னய்யா வியாதி இது?"

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பயந்தாங்கொள்ளின்னு எழுதிட்டுப் போலாமா?"

நான் கட்டையை வைக்கப் போனேன். இறக்கைக்குக் கீழே இலியேசா குந்தியிருந்தான். முன்கை ரெண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இது பயத்தில் நடுங்குகிற கை இல்லை. நாள் முழுக்கக் கரும்பு வெட்டினவன் கை இப்படி ஆடும்.

அவன் பாஷையில் கேட்டேன். "கையில வலியா?"

"இல்லே, மோமோ." மோமோ என்றால் மாமா.

"அப்புறம்?"

"மேலே போகலே."

"எது?"

"கை. அவர் தலை இருக்கு."

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. உங்களுக்கு விளங்காது, சொல்கிறேன். அந்தப் பழைய விமானத்தில், ஓட்டுகிறவனுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில், கூரையில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றி வைத்தால் மூக்கு அதன் இடத்தில் தானாக நிற்கும். சுற்றாவிட்டால் முழுப் பாரத்தையும் கையாலேயே தாங்கிப் பிடிக்கணும். ஏறும்போது சுற்றணும், இறங்கும்போது சுற்றணும், வேகம் மாறும்போதெல்லாம் சுற்றணும்.

இந்த மண்ணில் பெரியவர் தலைக்கு மேலே கை நீட்டக் கூடாது. பரணில் இருந்து ஒரு சாமானை எடுக்கணும் என்றால்கூட, "திலோ" என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் கை மேலே போகணும். எனக்கே அது பழக்கம், நான் அவர்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். சொந்தத் தலைவர் என்றால் கேட்கவே வேண்டாம். ராத்து உட்கார்ந்தால் அந்தச் சின்ன விமானத்தில் பாதி இடம் அவர் தலைதான். கைப்பிடிக்குப் போகிற கை அந்த முடியைத் தாண்டித்தான் போகணும்.

"திலோன்னு கேக்கலையா நீ?"

"கேட்டேன். எஞ்சின் சத்தம். அவர் காதுல விழலே. மறுபடி கேட்டேன். பதில் வரலே. பதில் வராம எப்படி மோமோ? சிகடோகாவிலிருந்து கையாலயே பிடிச்சிட்டு வந்தேன்."

"மாஸ்டர்கிட்ட மட்டும் எப்படிச் சுத்தறே?"

"அவர் முதல் நாளே சொல்லிட்டார். என் தலை வழுக்கை, அதுல மரியாதை ஒண்ணும் முளைக்கலே, தாராளமா கையைப் போடுன்னார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. பழக்கத்தைக் காட்டி மார்க் கேக்கறான்னு மேஜர் சொல்வார். ராத்துவாலதான் தோத்தேன்னு ஊர்ல ஆயிடும். அப்பா கூட்டத்துல உக்கார முடியாது."

"சரி, சொல்லமாட்டேன்" என்றேன்.

ஒரு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சொல்லவும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது. தம்பிகளா, இந்த மாதிரி நேரத்தில் கையில் இருக்கும் வேலையை நிறுத்தக் கூடாது. கட்டையை வைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கும்போது தோன்றியது. குறை சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு. சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன். கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே.

"கீழேயே கேட்டுட்டா?" என்றேன். "ஒரு தடவை. எல்லாத் தடவைக்கும் சேர்த்து."

அவன் தலையைத் தூக்கினான். மறுபடி தொங்கப்போட்டான்.

"நான் நேரா அவர்கிட்டப் பேசக் கூடாது. எங்களுக்காகப் பேச ஒருத்தர் வேணும். அப்படிப் பேசறவங்க வம்சம் வேற."

அது உண்மைதான். தலைவரிடம் கேட்க அதற்கென்று ஒருவர் உட்கார்ந்து பேசணும். அப்புறம் வெறுங்கையோடு கேட்கக் கூடாது, யங்கோனா வேர் வைத்துக் கேட்கணும். இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற வேர் அது.

மாஸ்டரை வழியனுப்ப ஹாங்கரில் ஒரு கட்டு யங்கோனா வாங்கி வைத்திருந்தோம். போய் எடுத்தேன். வாசலில் மாஸ்டர் மறித்தார்.

"எங்கே எடுத்துட்டுப் போறே?"

"பெரியவருக்கு."

"புத்தி கெட்டுப் போச்சா? பரீட்சை நடுவுல யங்கோனாவா? மேஜர் லஞ்சம்னு எழுதுவார். பையனோட நானும் நீயும் சேர்ந்து போவோம். வை கீழே!"

அவர் சொன்னது சரி. வைத்தேன்.

"எதுக்குன்னு கேக்கலையே, மாஸ்டர்?"

"சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்ப நான் கேக்கலே" என்றார். அந்த மனுஷனிடம் நான் கற்றது அதிகம். அதில் இதுதான் பெரிது. நம்பின ஆளிடம் ரெண்டாவது கேள்வி கேட்கமாட்டார்.

வெறுங்கையோடு விமானத்துக்குத் திரும்பினேன். சக்கரத்தின் கீழே கட்டை கிடந்தது. அதுவும் மரம்தான். எடுத்தேன். இலியேசாவை என் பின்னால் வரச் சொன்னேன்.

ராத்து நிழலில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மேஜர், பச்சை உடுப்பு. அந்த உடுப்பு எனக்குத் தெரியும். கவிழ்ப்பு நடந்த வாரம் ரராவாய் ரோட்டில் லாரியை நிறுத்தி என் அப்பாவை இறக்கி ரோட்டில் உட்காரவைத்தது. வெயிலில். என் அண்ணன் அதற்கப்புறம்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டான். அவன் அங்கே இருந்திருந்தால், "போயும் போயும் பட்டாளத்துக்காரப் பையனுக்காகவா?" என்று கேட்டிருப்பான். நான் நடந்துகொண்டே அதையும் நினைத்துப் பார்த்தேன். உட்காரவைப்பது ஒன்று. நானே உட்காருவது ஒன்று. ரெண்டும் ஒன்றில்லை.

சிமெண்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். இலியேசா என் பின்னால் உட்கார்ந்தான்.

"என்ன நாடகம் இது?" என்றார் மேஜர். "மதராசி, எழுந்திரு!"

நான் எழுந்திருக்கவில்லை. கட்டையை ரெண்டு கையிலும் ஏந்தினேன். சின்ன வயசில் அப்பாவோடு கிராமத்துக்குப் போய், பேசுகிறவர்கள் எப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். அந்த மாதிரியே பேசினேன்.

"ஐயா, இது யங்கோனா இல்லே. சக்கரக் கட்டை. என்னோடதும் இல்லே, விமானத்தோடது. அதனால உங்களுக்குக் குடுக்க முடியாது. இதை வச்சு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேலே போனா, ஓட்டற கை கூரைக்குப் போகும். உங்க தலையைத் தாண்டிப் போகும். அங்கே கேட்டா காதுல விழாது. அதனால மண்ணுல கேக்கறோம். ஒரு தடவை கேக்கறோம், எல்லாத் தடவைக்கும்."

கரும்பு ரயில் ஒன்று லௌடோகா பக்கம் போனது. அது போய் முடிகிறவரை ராத்து அசையவில்லை. விமானத்தின் கூரையைப் பார்த்தார். இலியேசாவின் முன்கையைப் பார்த்தார்.

"அதுவா?" என்றார்.

மீதி ரொட்டியை மேஜர் கையில் கொடுத்தார். மேஜர் வாங்கிக்கொண்டார், வேறென்ன செய்வார்? ராத்து எங்கள் எதிரில் சிமெண்டில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு. கட்டையை வாங்கி மோந்து பார்த்தார்.

"பெட்ரோல் நாத்தம். இதை இடிச்சுக் குடிச்சா நான் விமானம் இல்லாமலே சூவா போயிடுவேன்."

மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். ராத்து சிரிக்கவில்லை. கையைக் குவித்து, கனமாகத் தட்டினார். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அப்படித் தட்டுவார்கள்.

"ஏத்துக்கிட்டேன். கட்டையைத் திருப்பிக் குடுத்துட்டேன். அதை அதோட இடத்துல வை." பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். "டேய், உன் கை என் தலைக்கு மேலே போகலாம். முடி கலைஞ்சாலும் நான் கேக்கமாட்டேன். ஆனா விமானம் குதிச்சா மறுபடியும் இல்லேன்னுதான் சொல்வேன். இது அனுமதி. மார்க் இல்லே. விளங்குதா?"

"விளங்குது ராத்து."

மேஜர் ரொட்டியோடு நின்றார். "இதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இருக்கா?"

"கிளம்பறதுக்கு முன்னால பக்கத்துல உக்கார்றவங்களுக்கு விஷயத்தைச் சொல்லணும்னு சட்டமே இருக்கு" என்றார் ராத்து, எழுந்துகொண்டே. "சொல்லிட்டான். இதுவரைக்கும் யாரும் எனக்கு இவ்வளவு விவரமாச் சொன்னதில்லே."

கட்டையைச் சக்கரத்தில் வைத்தேன், அவர்கள் ஏறினதும் எடுத்தேன். போனார்கள்.

காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. உங்களுக்கே தெரியும். நம் வேலையில் பாதி அதுதான். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ ஏன் உக்காந்தே? உனக்கு அவன் என்ன உறவு?"

"விமானத்தை யார் ஓட்டினாலும் கீழே நிக்கறது நான்தானே, மாஸ்டர். நல்லா இறங்கினா எனக்குத் துடைக்கற வேலை கம்மி."

"பொய் சொல்றே."

"ஆமா."

காற்று மாறியிருந்தது. கடல் பக்கத்திலிருந்து குறுக்கே அடித்தது. எங்கேயோ கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள், சாம்பல் பறந்துவந்து விழுந்தது. காலையைவிட மோசமான இறக்கம். மேஜர் படகைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார், பாதியில் விட்டுவிட்டார்.

சத்தம் முதலில் வந்தது. அப்புறம் புள்ளி. புள்ளிக்கு இறக்கை முளைத்தது. நான் மூக்கைத்தான் பார்த்தேன். மூக்கு ஆடவில்லை. காற்று தள்ளுது, இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து காற்றைத் தாங்குது, மூக்கு மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்குது. மாஸ்டர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "வுடு, வுடு, இன்னும் வுடு..." பிறகு அதையும் நிறுத்திவிட்டார். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு சக்கரம் தொட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் முன்சக்கரம். தூசி எழும்பவில்லை. நாய் படுத்தே கிடந்தது, எழுந்திருக்கத் தேவைப்படவில்லை அதற்கு.

விமானம் எங்கள் எதிரில் வந்து நின்றது. எஞ்சின் அடங்கியது. கதவு திறந்தது. ராத்து இறங்கினார். அந்த உருண்டை முடி இடது பக்கம் முழுக்க அமுங்கி, ஒரு கொத்து நட்டுக்கொண்டு நின்றது, புயலடித்த தென்னை மாதிரி. சீப்பு பையில் துருத்திக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. அந்தத் தலையோடு நேரே மேஜரிடம் நடந்தார்.

"பேனாவைக் குடு."

மாஸ்டர் ஓடினார். நான் அவர் ஓடிப் பார்த்ததில்லை. இலியேசாவை இறக்கையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார், ரெண்டு பேரும் சேர்ந்து கீழே விழப் பார்த்தார்கள். நான் போய்த் தாங்கினேன். பையன் சிரிக்கிறான், அழுகிறான், கை மட்டும் இன்னும் மேலே தூக்கினபடியே இருக்கிறது.

"மோமோ, எத்தனை தடவை சுத்தினேன் தெரியுமா!"

"தலையைப் பாத்தாலே தெரியுது" என்றேன்.

மேஜர் வந்தார். என் முன்னால் நின்றார். எழுந்திரு என்று கத்தினவர் என்ன சொல்வது என்று தேடினார். கடைசியில் கையை நீட்டினார். குலுக்கினேன். பிடி கெட்டியாக இருந்தது.

"படகுக்காரங்களுக்கு நான் சொல்லிடறேன்" என்றார். "பணம் இல்லேன்னு."

அந்த வாரம் மாஸ்டர் போனார். விமான நிலையத்தில் அழவில்லை, நானும் அழவில்லை. என் அண்ணனும் அந்த வருஷமே போனான். நான் இருந்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்று பேச்சு வந்தபோது ராத்து வாரக்கடைசியில் சூவாவிலிருந்து தானே வண்டி ஓட்டி வந்தார். சம்பளம் கேட்கவில்லை, மத்தியானம் ரொட்டி மட்டும் கேட்டார். இலியேசா வெளிநாட்டில் படித்துத் திரும்பினதும், சொல்லிக்கொடுக்கிறவருக்கான வலது சீட்டில் அவன் உட்கார்ந்தான். அதிகாரிப் பள்ளிப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பின்னால் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். நடுவில் இன்னொரு கவிழ்ப்பு, அப்போதும் வந்தார்கள்.

தம்பிகளா, ஒன்று சொல்லி முடிக்கிறேன். விமானம் சரியாக இறங்கவில்லையென்றால் எஞ்சினைப் பாருங்க. சக்கரத்தைப் பாருங்க. எல்லாம் சரியாக இருந்தால், ஓட்டினவன் பக்கத்தில் போய்க் குந்துங்க. திட்டாமல் கேளுங்க. பிறகு எது உங்கள் கையில் கிடைக்குதோ அதை வைத்து வேலையை முடியுங்க.

அதிகாரிப் பள்ளியிலிருந்து எங்கள் தளத்துக்கு வந்து லைசென்ஸ் வாங்கிப் போனவர்கள், நான் வேலையை விட்ட நாள் வரை:

நாற்பத்தொரு பேர்.